விஸ்கிட்ஸ் நிறுவனம் எழுந்ததும் விழுந்ததும்: பிஸ்கற் ரின்னில் கிடந்த முப்பத்தொரு பொம்மைகளை முன்வைத்து

உவர்மலைவாசி (இழையைத் தொடங்கியவர்)

மாரி தொடங்குவதற்கு முன்னர் வீட்டின் பரணைத் துப்புரவு செய்தபோது, கறல் பிடித்த பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் முப்பத்தொரு பிளாஸ்டிக் பொம்மைகள் கிடைத்தன. ஸ்காபரோவிலிருந்த சித்தப்பா 2003க்கும் 2006க்கும் இடையில் அவ்வப்போது பொதியில் வைத்து அனுப்பியவை அவை. ஹீரோகிளிக்ஸ் பத்தொன்பது, மேஜ் நைட் எட்டு, மெக்வோரியர் நான்கு: மூன்றும் விஸ்கிட்ஸ் செய்த மேசைப் போர் விளையாட்டுகள். அன்று நானும் பக்கத்து வீட்டுப் பெடியன்களும் விதிப் புத்தகத்தை அரைகுறையாக வாசித்து, சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கட்டம் போட்டு விளையாடினோம். இவற்றைச் செய்த கொம்பனி யாருடையது, அது ஏன் மூடப்பட்டது என்ற கேள்விகள் அந்த வயதில் எனக்கு வரவில்லை. இப்போது தேடி வாசித்ததில் ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. அதை இங்கே வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

விஸ்கிட்ஸ் நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் தொடங்கியவர் ஜோர்டான் வைஸ்மன். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்னர், 1980இல், ஃபாசா என்ற விளையாட்டு நிறுவனத்தைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து ஆரம்பித்தவரும் அவரே. ஃபாசா 1984இல் வெளியிட்ட பேட்டில்டெக் விளையாட்டில் ஒவ்வோர் இயந்திரப் போர்வீரனுக்கும் ஒரு தாள் உண்டு. கை, கால், மார்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் அத்தாளில் சிறுசிறு வட்டங்கள் இருக்கும். அடி விழும்போதெல்லாம் பென்சிலால் ஒவ்வொரு வட்டமாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துக்கு நான்கு வீரர்கள் என்றால் ஒரு பின்னேரம் முழுவதும் அந்தக் கணக்கிலேயே போய்விடும்.

அந்தத் தாளையும் பென்சிலையும் வைஸ்மன் பொம்மையின் காலடிக்குள் கொண்டுபோய் வைத்தார் என்பதே விஸ்கிட்ஸின் முழுக் கதையும் என்று சொல்வேன். என் கையில் இப்போது இருக்கும் மேஜ் நைட் பொம்மையின் அடித்தட்டு, சோடாப் போத்தல் மூடியைவிடச் சற்று அகலமானது. உள்ளே டயல் எனப்படும் ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. ஓரத்திலுள்ள சிறு வெட்டின் வழியே அத்தகட்டில் அச்சிட்ட எண்கள் சில மட்டும் தெரிகின்றன: வேகம், தாக்கு, காப்பு, சேதம். அடி விழுந்தால் சேதத்தின் அளவுக்கேற்பத் தகட்டைப் பல் பல்லாகத் திருப்ப வேண்டும். ‘கிளிக்’ என்ற சத்தத்துடன் எண்கள் மாறும், பெரும்பாலும் குறையும். சில எண்களுக்குப் பின்னாலுள்ள நிறம் ஒரு திறமையைக் குறிப்பதால், அடிபட அடிபட அவ்வீரன் தன் திறமைகளையும் ஒன்றொன்றாக இழப்பான். அபூர்வமாகச் சிலர் காயப்பட்ட பின்னரே மூர்க்கம் கொள்வார்கள். கடைசியில் மண்டையோட்டுக் குறி வந்தால் ஆள் முடிந்தான். எழுதவும் வேண்டாம், நினைவில் வைத்திருக்கவும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேலாக, பொம்மைகள் நிறம் தீட்டப்பட்டே வந்தன. வாங்கியவர் பெட்டியை உடைத்து உடனே மேசையில் வைக்கலாம்.

2000இல் மேஜ் நைட் வந்தது. 2002இல் மார்வெல், டிசி வீரர்களுடன் ஹீரோகிளிக்ஸும், பேட்டில்டெக் உலகைப் பின்னணியாகக் கொண்ட மெக்வோரியர் டார்க் ஏஜும் வந்தன. ஃபாசா 2001இல் கடையை மூடியபோது பேட்டில்டெக், ஷடோரன் ஆகிய தன் விளையாட்டுகளின் உரிமைகளை விஸ்கிட்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. 2003இல் சூயிங்கமும் பேஸ்போல் அட்டைகளும் விற்றுவந்த டொப்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 29 மில்லியன் டொலர் கொடுத்து விஸ்கிட்ஸை வாங்கியது. 2008 நவம்பரில் அதே டொப்ஸ் அதை இழுத்து மூடியது.

எல்லோரும் 2008இன் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டுகிறார்கள். விழுகை ஐந்து வருடம் முன்னரே தொடங்கிவிட்டது என்பது என் வாதம். 2003இல் மேஜ் நைட்டுக்கு இரண்டாம் பதிப்பு விதிகளைக் கொண்டுவந்து, அதுவரை மக்கள் காசு கொடுத்துச் சேர்த்த பொம்மைகளைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கினார்களே, அன்றுதான் வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையிலிருந்த நம்பிக்கை அறுந்தது. 2005இல் மேஜ் நைட்டின் கடைசித் தொகுப்பு வெளிவந்தது. நிறுவனத்தை உண்டாக்கிய விளையாட்டு ஐந்தே வருடங்களில் இல்லாமற்போனது.

நிலாவெளியான் (ரொறன்ரோ)

தம்பி, உங்களுடைய சித்தப்பா பொம்மை வாங்கிய கடைக்கு நானும் போயிருக்கக்கூடும். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் வேலை முடிந்து சனிக்கிழமை பின்னேரங்களில் இப்படியான கடையொன்றின் பின்னறையில்தான் கிடப்பேன். அங்கே கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

மேஜ் நைட் இரண்டாம் பதிப்புப் பற்றி நீங்கள் எழுதியது உண்மையே. தூண்டில்காரர் வைத்திருப்பது போன்ற அறைகளுள்ள பெட்டிகளில் நூற்றுக்கணக்கான பொம்மைகளை அடுக்கிக்கொண்டு வருவோர் இருந்தார்கள். புதிய விதி வந்த சில மாதங்களுக்குள் அந்தப் பெட்டிகள் அப்படியே கடையின் மேசைக்குக் கீழே, ஒன்று 25 சதம் என்ற எழுத்தட்டையுடன் குவிந்தன. ஆனால் அதே ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மேசைக்குப் போய் ஹீரோகிளிக்ஸ் வாங்கினார்கள். ஆகவே நம்பிக்கை அறுந்தது என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேஜ் நைட்டின் மீது நம்பிக்கை போனது, கிளிக்கின் மீது போகவில்லை.

என் கணக்கில் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. டொப்ஸ் வாங்கிய வருடத்திலிருந்து விஸ்கிட்ஸ் வெளியிட்டவற்றை நினைவிலிருந்து சொல்கிறேன்: பிள்ளைகளுக்கான கிரீப்பி ஃப்ரீக்ஸ், ஷடோரன் டூவல்ஸ், 2004இல் கடற்கொள்ளையர் விளையாட்டு, 2005இல் ரொக்கெட்மென், 2006இல் ஹொரர்கிளிக்ஸ், 2007இல் ஹேலோ அக்ஷன்கிளிக்ஸ், அதே வருடத்தில் ஸ்டார் வோர்ஸ் பொக்கெட்மொடல். ஒரு கடைக்காரரிடம் இருப்பது ஒரே அலுமாரி. வாங்குபவரிடம் இருப்பது ஒரே சம்பளம். இவை ஒன்றையொன்று தின்றன.

இவற்றில் கடற்கொள்ளையர் விளையாட்டை மட்டும் தனியே எடுத்துவைக்க விரும்புகிறேன். துறைமுகத்து ஊரில் பிறந்தவன் என்பதால் எனக்கு அதன்மீது பட்சபாதம் உண்டு. கடனட்டையளவு பிளாஸ்டிக் அட்டையில் கப்பலின் உடலும் தளமும் பாய்மரங்களும் வெட்டுக்கோடுகளுடன் இருக்கும். அவற்றைப் பிய்த்தெடுத்துப் பொருத்தினால் உள்ளங்கையில் ஒரு பாய்க்கப்பல் நிற்கும். தூரம் அளக்கத் தனி அடிமட்டம் கிடையாது: அந்த அட்டையின் குறுகிய பக்கம் ஓரளவு, நீண்ட பக்கம் மற்றோரளவு. அடி வாங்கினால் ஒரு பாய்மரத்தைக் கழற்ற வேண்டும். பாய்மரம் எல்லாம் போனால் கப்பல் நடுக்கடலில் அநாதையாக மிதக்கும். டயல் செய்த வேலையை இங்கே பாய்மரம் செய்தது. மை தீட்டும் செலவு இல்லை, எடை இல்லை, ஒரு சிறு பக்கற்றில் முழு விளையாட்டும் அடங்கியது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

சீனன்குடாக் கணக்கர்

இருவரும் விளையாடுபவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் இவற்றை விளையாடியதில்லை. மகன் சேர்த்தான், நான் காசு கட்டினேன். தொழிலால் செலவுக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் அந்தக் கோணத்திலிருந்து எழுதுகிறேன்.

இப்படியான பொம்மையில் பிளாஸ்டிக்கின் விலை சிறிய பங்கு. உருக்கில் அச்சு வெட்டுவதற்கு முன்கூட்டியே பெருந்தொகை செலவாகும்; அது ஆயிரம் பொம்மை வார்த்தாலும் ஐந்து லட்சம் வார்த்தாலும் ஒரே தொகை. அதற்கு மேலே, சீனத்துத் தொழிற்சாலையில் கண்ணுக்கு ஒரு தொடுகை, சப்பாத்துக்கு ஒரு தொடுகை என்று ஒவ்வொரு பொம்மையையும் பலர் கைமாற்றி நிறம் தீட்ட வேண்டும். இந்தச் செலவு எண்ணிக்கையோடு கூடவே ஏறும். பின்னர் கொள்கலனில் பசிபிக்கைக் கடக்க வேண்டும். எத்தனை விற்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்னரே ஊகித்துக் கட்டளை கொடுத்தாக வேண்டும். ஊகம் குறைந்தால் கடையில் சாமான் இல்லை. கூடினால் களஞ்சியத்தில் தேங்கிப் பாதி விலைக்குப் போகும்.

இந்த நெருக்கடியை அவர்கள் முதலில் எவ்வளவு கெட்டித்தனமாகச் சமாளித்தார்கள் என்பது உங்கள் பொம்மைகளின் காலடியிலேயே எழுதியிருக்கிறது. ஹீரோகிளிக்ஸின் ஆரம்பத் தொகுப்புகளில் ஒரே வார்ப்பு மஞ்சள், நீலம், சிவப்பு என்ற மூன்று வளையங்களுடன் புதியவன், அனுபவசாலி, தேர்ந்தவன் என்று மூன்று தரங்களில் வந்தது. அச்சு ஒன்று, டயலில் ஒட்டும் தாள் மூன்று, விற்கும் பண்டம் மூன்று. என் மகன் ஒரே முகத்தை மூன்று தடவை ஏன் வாங்குகிறான் என்று அன்று ஏசியிருக்கிறேன். இன்று அந்தக் கணக்கைப் போட்டவரை மெச்சுகிறேன். பின்னைய தொகுப்புகளில் இந்த முறை கைவிடப்பட்டு, வார்ப்புகளின் வகை பெருகியது. சேகரிப்பவருக்கு அது மகிழ்ச்சி, கணக்கருக்குத் தலையிடி.

மேலும், மேஜ் நைட் அவர்களுடைய சொந்த உலகம். ஹீரோகிளிக்ஸில் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் மார்வெலுக்கோ டிசிக்கோ உரிமப் பங்கு போகும். சொந்த நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுக் குத்தகை நிலத்தில் வெள்ளாமை செய்தவனின் நிலைதான்.

அடுத்தது உடைமை. டொப்ஸ் நிறுவனத்தையே 2007இல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கல் ஐஸ்னரின் டோர்னான்டே நிறுவனமும் மடிசன் டியர்போர்ன் என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 385 மில்லியன் டொலருக்கு வாங்கின. இப்படி வாங்குபவர்கள் முதலில் எடுக்கும் கத்தரி எதை வெட்டும் என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்: மூலவேலையோடு ஒட்டாத கிளையை. அட்டையும் மிட்டாயும் விற்பவருக்கு நிறம் தீட்டிய பொம்மை அப்படியொரு கிளை. 2008 யூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. பிளாஸ்டிக்கும் கப்பற்கூலியும் அதன் பின்னால் ஓடின. செப்டெம்பரில் வங்கிகள் சரிந்தன. நவம்பர் 10ஆம் திகதி மூடுவதாக அறிவிப்பு வந்தது. நிறுவனம் நோயாளியாக இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டவர் வீட்டுக்காரர்.

கோட்டையடி ஆசிரியை

மூன்று பதிவுகளையும் வாசித்தேன். ஒரு விடயத்தை மூவரும் கடந்து போய்விட்டீர்கள்: அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க் கடைகளில் பபிள்கம் உறையோடு படம் வைத்து விற்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் ஒரே ரெஸ்லிங்காரனின் படம் ஏழு இருக்கும். அவனுக்கு வேண்டிய ஒன்று மட்டும் இருக்காது. கம்மைத் துப்பிவிட்டுப் படத்துக்காக மீண்டும் கடைக்கு ஓடுவான். டொப்ஸ் என்பது அந்த வித்தையில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நிறுவனம் என்பதை உவர்மலைவாசி ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போனார்; நானானால் அங்கே நின்றிருப்பேன். 1993இல் மேஜிக் என்ற சீட்டு விளையாட்டு அந்த மூடிய பக்கற்று முறையைச் சீட்டுக்குக் கொண்டுவந்தது. மேஜ் நைட் அதைச் சிற்றுருவங்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் சீட்டுக்கும் பொம்மைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வேண்டாத சீட்டு ஐந்நூறை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போடலாம். வேண்டாத பொம்மை ஐந்நூறை எங்கே வைப்பது? அது கண்முன்னால் நின்று, செலவழித்த காசை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நிலாவெளியான் சொன்ன 25 சதக் குவியல் இரண்டாம் பதிப்பு வராவிட்டாலும் என்றோ ஒரு நாள் வந்தேதான் இருக்கும்.

நான் இவ்விளையாட்டின் எதிரி அல்லள். கூட்டல் வராத பிள்ளை ஒருவன், தாயக்கட்டை இரண்டின் தொகையோடு தாக்கு எண்ணைக் கூட்டி, எதிரியின் காப்பு எண்ணை எட்டியதா என்று நொடியில் சொன்னதை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கிறேன். விற்ற முறையைப் பற்றியே பேசுகிறேன்.

உவர்மலைவாசி

ரீச்சர், கணக்கர் ஐயா, நிலாவெளி அண்ணா, மூவருக்கும் நன்றி. சில இடங்களில் இறங்கி வருகிறேன், ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

வீட்டுக்காரர் இறக்கிவிட்டார் என்பதை ஏற்கிறேன். அதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது: 2009 செப்டெம்பரில் நெக்கா என்ற பொம்மை நிறுவனம் விஸ்கிட்ஸின் பெயரையும் ஹீரோகிளிக்ஸ் உட்படப் பெரும்பாலான உடைமைகளையும் வாங்கியது, ஹீரோகிளிக்ஸ் இன்றுவரை வெளிவருகிறது. இறக்கிவிடப்பட்ட நோயாளி வேறு வீட்டில் எழுந்து நடக்கிறான் என்றால், அந்தப் பகுதி உயிரோடுதான் இருந்தது.

ஆனால் பேட்டில்டெக்கைப் பாருங்கள். டயல் எந்தத் தாளையும் பென்சிலையும் ஒழிக்க வந்ததோ, அந்தத் தாளும் பென்சிலும் இன்னும் இருக்கின்றன. விஸ்கிட்ஸ் தன் கவனம் முழுவதையும் டார்க் ஏஜின் மீது வைத்திருந்த வருடங்களில், பழைய பேட்டில்டெக் விதிகளை வெளியிடும் உரிமத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. 2007இலிருந்து அதை கட்டலிஸ்ட் கேம் லாப்ஸ் நடத்துகிறது. 2019இல் அவர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதிதிரட்டும் தளத்தில் கேட்டபோது விளையாடுபவர்கள் 2.5 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். அவ்விளையாட்டின் அடிப்படை விதிகள் 1984இலிருந்து பெரிதாக மாறவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னர் வாங்கிய ஈயப் பொம்மையை இன்று மேசையில் வைத்தாலும் யாரும் ‘இது செல்லாது’ என்று சொல்லமாட்டார்கள். பேட்டில்டெக்கும் மேஜ் நைட்டும் வைஸ்மன் என்ற ஒரே மனிதரின் இரண்டு பிள்ளைகள். சுறுசுறுப்பான இளையவன் போய்விட்டான், மெதுவாக நடக்கும் மூத்தவன் இருக்கிறான். வாங்கியதைச் செல்லாக்காசு ஆக்காத விளையாட்டு நிலைத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சீனன்குடாக் கணக்கர்

விளக்கம் இன்னொன்று இருக்கிறது. பேட்டில்டெக்குக்கு நிறம் தீட்டிய பொம்மையே தேவையில்லை. கட்டை வெட்டி வைத்தும் விளையாடலாம். செலவு குறைந்த தொழிலுக்கு ஆயுள் கூட. சிற்றுருவப் போர் விளையாட்டுகள் செய்யும், இங்கிலாந்தின் நொட்டிங்ஹமிலுள்ள கேம்ஸ் வேர்க்ஷொப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்: நிறம் தீட்டும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கான தூரிகையையும் மையையும்கூட அவருக்கே விற்கிறார்கள். உலகம் அவர்களுடைய சொந்தம், பெட்டிக்குள் இருப்பது வெளியே படமாகத் தெரிகிறது, ஒருமுறை வெட்டிய அச்சு வருடக்கணக்காக உழைக்கிறது. ஆனால் அவர்கள் விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். பழைய பொம்மைகளை ஓய்வுக்கும் அனுப்புகிறார்கள். உங்கள் விதிப்படி அவர்கள் எப்போதோ விழுந்திருக்க வேண்டும், விழவில்லையே.

மூதூர்க்கரை

பெரியவர்களின் பேச்சுக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் விஸ்கிட்ஸ் மூடியபோது பள்ளிக்கூடமும் போகாத வயது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்தவற்றை விளையாடியிருக்கிறேன்.

ரீச்சர் குறை சொன்ன மூடிய பெட்டியை 2012இல் ஃபன்டசி ஃபிளைட் நிறுவனம் தவிர்த்தது. எக்ஸ்-விங் என்ற அந்த விளையாட்டிலும் நிறம் தீட்டிய சிறு விண்கலங்கள்தாம். ஆனால் பெட்டிக்குள் எது இருக்கிறது என்பது வெளியிலேயே தெரியும். பல வருடம் அது கொடிகட்டிப் பறந்தது. 2018இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பழைய கலங்களைப் புதிய விதிக்கு மாற்றிக்கொள்ளும் அட்டைகளைத் தனிப் பெட்டியாக விற்றார்கள். மேஜ் நைட்டில் நடந்ததிலிருந்து பாடம் படித்தார்கள் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் இருபது கலம் வைத்திருந்தவர் அந்த மாற்றுப்பெட்டிக்கே திரும்பக் காசு கட்ட வேண்டியிருந்தது. பலர் அந்த இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். 2024இல் அதன் புதிய வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. மூடாத பெட்டியும் விழுந்தது என்பதால் ரீச்சரின் வாதம் கொஞ்சம் தளர்கிறது. உவர்மலை அண்ணனின் வாதம் கொஞ்சம் இறுகுகிறது. கணக்கர் ஐயாவின் கேம்ஸ் வேர்க்ஷொப் கேள்விக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மூன்று கிழமை இருந்து நிறம் தீட்டிய பொம்மையை விதி மாறினாலும் யாரும் 25 சதக் குவியலில் போடமாட்டார்கள். தீட்டி முடித்தே கையில் வந்த பொம்மை வந்த வேகத்தில் போகும்.

இப்போதைய விஸ்கிட்ஸும் 2017இலிருந்து நிறம் தீட்டாத பொம்மைகளைப் பெட்டிக்கு வெளியே தெரியும்படி விற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜ் நைட் என்ற பெயர்கூட 2011இல் வ்லாடா க்வாடில் வடிவமைத்த பலகை விளையாட்டாகத் திரும்பி வந்து, இன்றும் விற்கிறது. அதற்குள் டயலோடு நாலைந்து பொம்மைகள் இருக்கின்றன, ஆனால் விளையாட்டு பெரும்பாலும் சீட்டில்தான் ஓடுகிறது.

அண்ணன், உங்களிடம் ஒரு கேள்வி: இவ்வளவு வருடம் எங்கள் உப்புக்காற்றில் கிடந்தும் அந்த டயல்கள் சுழல்கின்றனவா?

உவர்மலைவாசி

கணக்கர் ஐயாவின் கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருந்த பதிலைத் தம்பி என்னைவிட நன்றாக எழுதிவிட்டார். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

டயல்களைப் பற்றி: முப்பத்தொன்றில் இருபத்தாறு சுழல்கின்றன. பிளாஸ்டிக் என்பதால் கறல் இல்லை. மூன்றுக்குள் கடல்மணல் இறங்கியிருந்தது. அடித்தட்டை மெல்லிய கத்தியால் நெம்பிப் பிரித்து, பல்விளக்கும் தூரிகையால் துடைத்துத் திரும்ப அழுத்தியதும் கிளிக் சத்தம் வந்தது. மீதி இரண்டில் அடித்தட்டே வெடித்துவிட்டது. வெக்கையில் வளைந்த வாள்களைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து, நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் பிடித்தால் அப்படியே நிற்கின்றன.

நிலாவெளி அண்ணாவுக்கு ஒரு செய்தி. ரின்னின் அடியில், பிய்க்கப்படாத கடற்கொள்ளையர் அட்டைகளும் மூன்று கிடந்தன. இரண்டு முழுதாக இருக்கின்றன. மூன்றாவதில் நடுப்பாய்மரம் காணாமற்போயிருக்கிறது.

நிலாவெளியான் (ரொறன்ரோ)

என்னிடம் பாய்மரங்கள் மட்டும் ஒரு சிறு டப்பா நிறைய இருக்கின்றன. கப்பலின் பெயர் அட்டையில் அச்சிட்டிருக்கும். எழுதி அனுப்புங்கள், தேடிப் பார்க்கிறேன். தையில் ஊருக்கு வருகிறேன்.